பின்பகுதியில் குடியிருப்பவர்

பொகவந்தலாவை,
11.02.2024

அன்புள்ள தங்கச்சி பூரணிக்கு,

அண்ணன் வேலாயுதம் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதாகச் சொன்னாயே, அது சரியில்லை. தினமும் போடு.

தொலைபேசியில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நாக்கு குழறிவிடுகிறது. எழுதினால் வரிசையாக வரும். தவறு இருந்தால் அடித்துத் திருத்தலாம்.

தேயிலைத் தோட்ட நிர்வாகம் கடிதம் கொடுத்துவிட்டது. ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் கிளார்க் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். ஆகஸ்ட் முடிவதற்குள் சாவியை ஒப்படைக்க வேண்டுமாம். முப்பத்தாறு வருடம் தொழிலாளர்களுக்கு லயத்து வரிசையில் காம்பரா அறை ஒதுக்கி எழுதிக் கொடுத்தவன் நான். என் பெயரில் ஒரு சுவர்கூட இல்லை.

ஹட்டனில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. ஸுலைஹா உம்மா என்பவருடையது. அவர் கினிகத்தேனையில் மகளோடு இருக்கப் போகிறார். ஒரே கூரை, நடுவில் சுவர், முன்னாலும் பின்னாலும் தனித்தனி வாசல். முன்பகுதியில் நான் இருந்துகொண்டு பின்பகுதியை வாடகைக்கு விட்டால், கடன் தவணையில் பெரும்பங்கை வாடகையே கட்டிவிடும். வங்கியில் நஸீர் என்றொரு அதிகாரி இருக்கிறார், பொறுமையானவர். “மொதல் மொதல்ல சொத்துல பணம் போடுறவங்களுக்கு இதுதாங்க நல்ல வழி, ஐயா. நீங்களும் இருக்கலாம், வருமானமும் வரும்” என்றார். அறுபத்து நான்கு வயதில் நான் தொடக்கக்காரன்!

விலை முப்பத்தெட்டு இலட்சம். சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த என் சேமலாப நிதியில் மிஞ்சியிருப்பது பதினெட்டு. மீதி இருபதுக்குத்தான் கடன். என் வயதுக்குத் தனியாகத் தரமாட்டார்கள், சம்பளம் வாங்குகிற ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். அவருடைய சேமலாப நிதியையும் ஈடாகக் காட்ட வேண்டும். எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

கேட்பது சரியா தவறா என்று எனக்கே தெளிவில்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி போதும், காரணம் எழுத வேண்டாம்.

உன் நலத்தையே நினைக்கும்,
அண்ணன்


இரத்மலானை,
24.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பூரணி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். மாத்திரையைத் தினமும்தான் போடுகிறேன், நிம்மதியாக இருங்கள்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காரணம் எழுத வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டால் நான் எப்படி மறுப்பது? சின்ன வயதிலிருந்தே இதுதான் உங்கள் தந்திரம்.

ஆனால் இதையும் யோசியுங்கள். கார்மெண்ட் பாக்டரியில் இருபத்தாறு வருடம் நின்றபடியே வேலை செய்து சேர்த்த பணம் அது. என் கணவர் போன பிறகு என் கடைசிக் காலத்துச் சோறு அது மட்டும்தான். தவணை தவறினால் வங்கி உங்கள் வீட்டு வாசலுக்கு வருமுன்னே என் பணத்தில் கை வைக்கும்.

அதனால் ஒரே ஒரு நிபந்தனை. பின்பகுதிக்கு ஆள் கிடைத்து, ஒப்பந்தம் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். ‘கிடைக்கும்’ என்ற கதை வேண்டாம். கிடைத்திருக்க வேண்டும்.

குளிருக்கு அந்தப் பழைய ஸ்வெட்டரையே போடாமல் நான் அனுப்பியதைப் போடுங்கள்.

தங்கச்சி,
பூரணி


பொகவந்தலாவை,
17.03.2024

அன்புள்ள பூரணிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என நம்புகிறேன். புது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பதில் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். காகித வேலை அதிகம். நொத்தாரிசு வக்கீல் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவைத் தேடி, வீட்டு உறுதிப் பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நில அளவைப் படம் பழையது, ஆகவே புதிதாக அளக்க வைத்தேன். நகர சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழுக்கு மூன்று முறை அலைந்தேன். மதிப்பீட்டாளர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து முப்பத்தாறு இலட்சம் என்று போட்டார். நாம் இரண்டு கூடுதலாகக் கொடுக்கிறோம். கூரைத் தகரம் புதிது, அதனால் பாதகமில்லை என நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

குடியிருக்க ஆள் கிடைத்துவிட்டது. மாதம் இருபத்திரண்டாயிரம். ஒப்பந்தத்தைப் பத்து வருடத்துக்கு எழுதியிருக்கிறேன், கடன் காலமும் பத்து வருடம்தானே. நீ கையெழுத்திட வேண்டிய வங்கிப் படிவங்களோடு அதன் பிரதியும் இத்துடன் இருக்கிறது. அதில் எல்லா விவரமும் உண்டு.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அண்ணன்


இரத்மலானை,
02.04.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமே. உங்கள் முழங்கால் எப்படி?

ஒப்பந்தத்தைப் பார்த்தேன். பெயர் காளியாயி என்று இருக்கிறது. இந்தக் காலத்தில் இப்படியும் பெயர் வைத்திருக்கிறார்களா? கையெழுத்து இல்லை, பெருவிரல் அடையாளம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் மாதம் இருபத்திரண்டாயிரம் எங்கிருந்து தருவார்? என்ன வேலை? குடும்பமா, தனி ஆளா? அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடிதத்தில் சான்றிதழ், சுவர், கூரைத் தகரம் என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறீர்கள். ஆளைப் பற்றி ஒரு வரி. இதற்குமுன் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தபோதும் இப்படித்தான் எழுதினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? வீட்டின் நீள அகலம் எல்லாம் இருந்தது, அவர் குடிப்பார் என்பது மட்டும் இல்லை.

இருந்தாலும் ஆகஸ்ட்டில் உங்களைத் தெருவில் நிற்க விடமுடியாது. சேமலாப நிதிச் சான்றிதழையும் கையெழுத்திட்ட படிவங்களையும் இணைத்திருக்கிறேன். எங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்தது நல்லது.

கேட்டவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

தங்கச்சி,
பூரணி


பொகவந்தலாவை,
26.05.2024

அன்புள்ள பூரணிக்கு,

சுகம். இங்கே மழை. வெசாக் விடுமுறைக்கு நீ வருவாயோ என்று நினைத்தேன். வராததும் நல்லதுதான், பாதையில் மண் சரிகிறது.

கடன் அனுமதியாகிவிட்டது. உறுதி எழுதும் நாள் ஜூன் பத்து.

போன வாரம் நஸீர் வீட்டைச் சோதிக்க வருவதாகச் சொல்லியிருந்தார். குடியிருப்பவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று பார்ப்பது அவர்கள் வழக்கமாம். எனக்கு அது முன்பே தெரியாது. தெரிந்திருந்தால்... அதை விடு. குடியிருப்பவர் முன்பே வந்து தங்கட்டும் என்று ஸுலைஹா உம்மா பின்பகுதியை முன்கூட்டியே திறந்து விட்டிருந்தார். சோதனை நாளில் எனக்கு வயிற்றுக் கோளாறு, போகவில்லை. மறுநாள் வங்கிக்குப் போய் நின்றேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போயிருந்தேன்.

நஸீர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “ஐயா, ஒங்க வீட்டுல இருக்கிற மனுஷி நல்ல மாதிரிங்க. வீட்டக் கண்ணாடியாட்டம் வச்சிருக்காங்க. வேணாம் வேணாம்னு சொல்லியும் ஒரு பிளேன்டீ குடிக்காம விடல” என்றார்.

“யார்?” என்று கேட்டேன்.

“என்னங்க ஐயா, ஒங்க ஆளையே என்கிட்ட கேக்குறீங்க! காளியாயி அம்மாதான்” என்று சிரித்தார். அடையாள அட்டையை வாங்கிப் பிரதி எடுத்திருக்கிறார். ஒப்பந்தத்தில் நான் எழுதிய அதே எண்.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


இரத்மலானை,
03.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடன் கிடைத்தது சந்தோஷம். கடவுள் துணை இருக்கட்டும்.

ஆனால் உங்கள் கடிதம் எனக்கு விளங்கவில்லை. நஸீர் நல்ல சேதிதானே சொன்னார்? இழவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி ஏன் எழுதியிருக்கிறீர்கள்? நான் கேட்ட நான்கு கேள்விக்கும் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டால் “லைன் சரியில்லை” என்று வைத்துவிடுகிறீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது, உங்கள் மூச்சுகூடக் கேட்டது.

எதை மறைக்கிறீர்கள்?

பூரணி


ஹட்டன்,
25.08.2024

அன்புள்ள பூரணிக்கு,

நீயாவது நலமாக இருக்க வேண்டும். உன் ஜூன் மாதக் கடிதத்தை இவ்வளவு நாளும் பையிலேயே வைத்திருந்தேன். திங்கட்கிழமை லாரியில் சாமான்களை ஏற்றி இங்கே வந்து சேர்ந்தேன். கட்டில், இரண்டு பெட்டி, மேசை. முன்பகுதி எனக்குத் தாராளம்.

இனி மறைத்துப் பயனில்லை. காளியாயி என்று யாரையும் நான் குடிவைக்கவில்லை. ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. நீ நிபந்தனை போட்டாய், வங்கியும் வாடகை வருமானத்தைக் காட்டச் சொன்னது, நாள் போய்க்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தை நானே எழுதி, என் இடது பெருவிரலை மையில் தோய்த்து அடையாளம் வைத்தேன். அடையாள அட்டை எண்ணையும் நானே கற்பனையாக இட்டேன். உறுதி முடிந்ததும் நிஜமாக ஒருவரைக் குடிவைத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்பது என் எண்ணம். தோட்டத்தில் மாத முடிவில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைச் சரிசெய்கிற பழக்கம்.

செக்ரோல் என்றதும் மற்றதையும் சொல்லிவிட வேண்டும். 1986இல் நான் சின்னக் கிளார்க். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவருக்கு அன்றைய பேர் செக்ரோலில் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம். மேல்மலைப் பிரிவில் கொழுந்தெடுத்த ஒருத்தி காய்ச்சலில் செத்துப் போனாள். பெயரை வெட்டப் போனேன். கணக்கப்பிள்ளை என் கையைப் பிடித்து, “வெட்டாதீங்க தம்பி, அது பாட்டுக்கு ஓடட்டும். பெரிய கிளாக்கருக்கும் தெரியும்” என்றார். நான்கு மாதம், தினமும், என் கையால் அவளுக்குப் பேர் போட்டேன். அந்தச் சம்பளம் யாரிடம் போனது என்று கேட்கவில்லை. தீபாவளிக்கு எனக்கு ஒரு சட்டைத்துணி வந்தது. அதையும் எங்கிருந்து என்று கேட்கவில்லை.

அவள் பெயர் காளியாயி. பொய்யாக ஒரு பெயர் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோது வேறு பெயர் என் கைக்கு வரவில்லை.

வந்த மறுநாள் காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கூட்டுகிற சத்தம். பிறகு அடுப்பு மூட்டும் சத்தம். பனிக்குள் புகை ஏறுவதை ஜன்னலில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என் கதவுக்கு வெளியே ஒரு குரல்:

“கிளாக்கரையா, வாடகைய படியில வச்சிருக்கேங்க. எண்ணிப் பாத்துக்குங்க.”

கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே, “நீங்க யாரு?” என்றேன்.

“இதென்னங்க கேள்வி? எழுதி வச்சதே நீங்கதானே.” சிரிப்பில் கோபமே இல்லை. “பயப்படாதீங்க. நான் எங்கயும் போறதா இல்ல. பத்து வருசத்துக்குல்ல எழுதியிருக்கீங்க.”

வெகு நேரம் கழித்துத் திறந்தேன். படியில் இருபத்திரண்டாயிரம் இருந்தது. நல்ல நோட்டுகள்தான். வங்கி வாங்கிக்கொண்டது.

வங்கியில் போய் உண்மையைச் சொன்னால் கடனைத் திருப்பிக் கேட்பார்கள், உன் பணம் போய்விடும். சொல்லாவிட்டால் இப்படியே இருக்க வேண்டும். என்ன செய்வதென்று நீ சொல்.

அண்ணன்


இரத்மலானை,
22.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கே இருந்தாலும் சுகமாக இருங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினேழாம் தேதி பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஹட்டனுக்கு வந்தேன். நேரில் கண்டதை எழுதுகிறேன்.

முன்வாசல் பூட்டியிருந்தது. எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை. பின்னால் போனேன். காளியாயி முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். வயது நாற்பது இருக்கும். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை.

“வாங்க தங்கச்சி. கொழும்புலருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? இந்த ரோட்டுல வயித்தப் பொரட்டியிருக்குமே” என்று உட்கார வைத்தார். முன்பகுதிச் சாவி அவரிடம் இருந்தது. திறந்து காட்டினார். கட்டில், இரண்டு பெட்டி, மேசை. கட்டிலில் படுத்த அடையாளம் இல்லை. மேசையில் விரல் கனத்துக்குத் தூசி.

“அண்ணன் எங்கங்க?” என்று கேட்டேன்.

“வீட்டுக்காரரா? பேப்பருல பேரு இருக்கு. ஆள இங்க யாரும் பாத்ததில்லீங்க.”

அண்ணே, அவர் செத்தவரும் இல்லை, பேயும் இல்லை. கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு வாழைக்காய் பறித்துக் கொடுத்தார். பெருவிரல் அடையாளம் தன்னுடையதுதான் என்றார். நீங்கள்தான் பயந்துபோய் வேறெங்கோ அறை எடுத்து ஒளிந்துகொண்டு, ஒரு பாவப்பட்ட மனுஷியைப் பற்றி இப்படி எழுதுகிறீர்கள். கடன் என்ற சொல்லே உங்களை இப்படி ஆக்கிவிட்டது என நினைக்கிறேன். என்னிடம் வந்துவிடுங்கள், டாக்டரிடம் காட்டுவோம்.

வங்கிக்கும் போனேன். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. “முன்பகுதி சும்மா கெடக்குதுங்களே, அதையும் வாடகைக்கு விட்டா கடன் அஞ்சு வருசத்துல முடிஞ்சிரும்” என்று நஸீர் சொன்னார். கூட்டுக் கடனாளி என்ற முறையில் நானே எழுதிக் கொடுக்கலாமாம். நீங்கள் அங்கே இல்லையென்றால் அப்படித்தான் செய்யப் போகிறேன்.

பூரணி


ஹட்டன்,
06.10.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ பத்து நாற்பதுக்கு வந்தாய். நீலக் குடை, ஒரு கம்பி வளைந்திருந்தது. முன்கதவைத் தட்டியபோது நான் உள்ளே இருந்து திறந்துதான் விட்டேன். நீ மறுபடியும் தட்டிக்கொண்டே இருந்தாய். பிறகு பின்னால் போனாய், நானும் வந்தேன். பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “பூரணி” என்று மூன்று முறை கூப்பிட்டேன். உனக்கு நரை இவ்வளவு கூடியிருக்கும் என்று நினைக்கவில்லை.

இது திடீரென்று வந்ததல்ல. வந்த இரண்டாம் வாரமே கடையில் நான் கேட்டதை எடுத்துத் தராமல் எனக்குப் பின்னால் நின்றவருக்குக் கொடுத்தார்கள். என் குரல் மெல்லியது, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு பஸ்ஸில் ஒரு பெண் என் மடிமேல் பையை வைத்தாள். வங்கி வரிசையில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் போய் நின்றேன், அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். இப்போது தவணையைக் கட்டுவது பின்பகுதிக்காரர்தான். தபால் முத்திரை வாங்கிப் படியில் வைப்பதும் அவர்தான். கடிதத்தைப் பெட்டியில் போட மட்டும் என்னால் முடிகிறது.

நானாக ஏதாவது கற்பனை செய்கிறேனா என்று முறையாகச் சோதித்தேன். தினமும் காலையில் மேசைத் தூசியில் விரலால் தேதியை எழுதுகிறேன். மாலையில் பார்த்தால் தூசி எழுதப்படாமல் அப்படியே இருக்கிறது.

ஒன்றைச் சந்தேகமில்லாமல் சொல்வேன். உன் பணத்துக்கு ஆபத்து இல்லை. அவர் ஒரு நாளும் தவணை தவறமாட்டார். அதற்கு நீ பயப்பட வேண்டாம்.

முன்பகுதியை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே. ஆள் இருக்கும்போதே இன்னொரு பெயரை எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆள் இல்லாதபோது எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டேன்.

எனக்கு வேறு போக்கிடம் இல்லை, பூரணி.

அண்ணன்


இரத்மலானை,
24.11.2024

மதிப்புக்குரிய காளியாயி அக்காவுக்கு,

பூரணி வணக்கம் தெரிவித்து எழுதுகிறேன். நலம்தானே? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நீங்கள் தந்த வாழைக்காய் நன்றாக இருந்தது.

முன்பகுதியையும் நீங்களே எடுத்துக்கொள்ள விரும்புவதாக வங்கியிலிருந்து நஸீர் அறிவித்தார். அதற்கான புது ஒப்பந்தத்தையும் அனுப்பியிருந்தார். உங்கள் பெருவிரல் அடையாளம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. மாதம் நாற்பதாயிரம் என்பது நியாயமான தொகைதான். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அண்ணனின் கடைசிக் கடிதம் அக்டோபரில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன வாரம் பொகவந்தலாவைக்குப் போனேன். சாமான் ஏற்றிய லாரிக்காரப் பையன் கிஷாந்த் இப்படிச் சொன்னான்: “கிளாக்கரையாவ முன்வாசல்ல எறக்கிவிட்டேன் அக்கா. உள்ள போயி கதவச் சாத்துனாரு, என் கண்ணால பாத்தேன்.” அதன் பிறகு அவரைக் கண்டவர் யாரும் இல்லை.

ஒப்பந்தத்தை மூன்று நாளாக மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் என் சேமலாபப் பணம் ஐந்தே வருடத்தில் விடுபடும். அதை நினைத்துப் பேனாவை எடுத்தபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அதை நான் யோசிக்கவில்லை. தட்டில் நீங்கள் மூன்று கோப்பை தேநீர் கொண்டுவந்தீர்கள். ஒன்றை எனக்குத் தந்தீர்கள், ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். மூன்றாவதைப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். வேறு யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்தேன், யாரும் வரவில்லை. நான் எழுந்தபோது மூன்று கோப்பையும் வெறுமையாக இருந்தன.

அக்கா, நான் உங்கள்மேல் பழி சொல்லவில்லை. உங்களுக்கு நடந்த அநியாயத்தில் என் அண்ணனுக்கும் பங்கு உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தேநீர் யாருக்கு?

இதற்குப் பதில் வரும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். உங்களுக்கு எழுதத் தெரியாது என்று சொன்னீர்கள். பாதகமில்லை. வீட்டில் இருப்பவரைக் கொண்டு எழுதுவித்து அனுப்புங்கள்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பூரணி